அம்பாசடர் மிஸ்ஸிங்: திருடன் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்தான்

பிடித்துவிட்டேன்! மார்க் 4 அம்பாசடரை மாதக்கணக்காகப் படுத்திய மிஸ்ஸிங்குக்கு, அதாவது எஞ்சின் இடையிடையே பற்றாமல் உதறுவதற்கு, கார்புரேட்டரும் காரணமில்லை, பெட்ரோல் பம்பும் காரணமில்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், இக்னிஷன் காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டுக்குப் போகும் ஒரு துண்டு ஒயர்தான்.

சமதளத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது உதறும், சில சமயம் அப்படியே ஆஃப் ஆகிவிடும். ஓரங்கட்டி ஸ்டார்ட் செய்தால் உடனே பிடித்துக்கொள்ளும். பார்த்தவர்கள் எல்லாரும் வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பது) என்றார்கள், பம்பில் ஈரத்துணி சுற்றச் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேப்பர் லாக் என்றால் எஞ்சின் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். இன்னொன்று, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் முக்கி ஏறியபோது வண்டி துளிகூட உதறவில்லை. பெட்ரோல் பற்றாவிட்டால் ஏற்றத்தில்தானே முதலில் தெரியும்?

லேசாக மிதிக்கும்போதுதான் வேக்குவம் அட்வான்ஸ் (எஞ்சினின் உறிஞ்சலால் ஸ்பார்க்கை முன்கூட்டி வரவைக்கும் அமைப்பு) பாயிண்ட் பொருத்திய தட்டை இழுத்துத் திருப்பும். அழுத்தி மிதித்தால் வேக்குவம் விழுந்து தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். எஞ்சின் நின்றாலும் அதேதான். அதனால்தான் உடனே ஸ்டார்ட் ஆகிறது. தட்டோடு சேர்ந்து ஆடுவது அந்த ஒயர்.

மூடியைக் கழற்றி, ஹேண்டில் போட்டு, பாயிண்ட் நன்றாக மூடியிருக்கும் இடத்துக்கு எஞ்சினைத் திருப்பினேன். இக்னிஷன் ஆன். காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லாம்ப். பாயிண்ட் மூடியிருந்தால் மின்சாரம் அதன் வழியாகவே எர்த்துக்குப் போய்விடும், பல்பு எரியக் கூடாது, எரியவில்லை. வேக்குவம் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து பிடுங்கி வாயால் உறிஞ்சினேன். தட்டு நகர்ந்ததும் பல்பு பளிச்சென்று எரிந்தது, விட்டதும் அணைந்தது. தட்டின் எர்த் ஒயர் அறுந்தாலும் இப்படியே எரியும் என்பதால், தட்டிலிருந்து பாடிக்குத் தனி ஒயர் கொடுத்து மறுபடி உறிஞ்சினேன். அப்போதும் எரிந்தது. சந்தேகமே இல்லை. உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே இழை அத்தனையும் அறுந்து, முனைகள் கறுத்துக் கிடந்தன. தட்டு அசையாதபோது மல்டிமீட்டர் வைத்தால் ஒயர் நன்றாக இருப்பதாகவே காட்டும்.

மாற்று ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. சாதாரண ஆட்டோ ஒயர் விறைப்பு, இழை தடிமன், ஆடி ஆடிச் சீக்கிரம் அறுந்துபோகும். சென்னை ரிச்சி தெருவில் மயிரிழை போன்ற இழைகளும் சிலிக்கான் உறையும் கொண்ட ஒயர் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது, அதைத்தான் போட்டேன். முனையில் சால்டர் வைக்கவில்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்து, அது முடியும் இடத்தில்தான் மறுபடி ஒடியும். கிரிம்ப் மட்டும், அதாவது முனையை நசுக்கிப் பிடிக்கவைப்பது. தட்டு முழுதாகத் திரும்பினாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டு, பாயிண்ட்டைத் திறக்கும் கேமில் உரசாமல் வளைத்துவிட்டேன்.

புதுப்பேட்டையில் பழைய லூக்காஸ் டிவிஎஸ் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஷாஃப்ட் ஆட்டம் இல்லாவிட்டால் ஸ்பேருக்கு வாங்கிவிடுவேன். பாயிண்ட்டில் பொறி பறப்பதைக் குறைக்கும் கண்டென்சர் விஷயத்திலும், இப்போது கடைகளில் தரும் புதியவற்றை நான் நம்புவதில்லை. பழைய நல்ல கண்டென்சர் கிடைத்தால் விடாதீர்கள்.

பாயிண்ட் இடைவெளி 0.38 மி.மீ. வைத்தாயிற்று. அதைத் தொட்டால் டைமிங்கும் (ஸ்பார்க் வரும் நேரம்) நகரும், டைமிங் லைட் வைத்துப் பார்ப்பது இன்னும் பாக்கி. அது முடிந்ததும் கார்புரேட்டரின் திராட்டில் ஸ்பிண்டிலை (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் தட்டின் அச்சு) கழற்றப் போகிறேன். அங்கே புஷ் தேய்ந்து காற்று இழுக்கிறது, ஐடிலிங் ஏறி இறங்குவது அதனால்தான்.