கொச்சியில் ஒரு வெள்ளிக்கிழமை

ஒரு பகல், ஐந்து பேர், கொச்சி. இந்தக் கணக்கில் எங்கே இடிக்கும் என்று குடும்பஸ்தர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் மாமா ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார். அவருக்கு மட்டாஞ்சேரி அரண்மனையும் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த தேவாலயமும். அத்தைக்கு சோட்டானிக்கரை பகவதி. மகனுக்கு லுலு மால். "அதென்னத்துக்குடா, நம்ம கோயமுத்தூர் லட்சுமி மில்லுலயே லுலு வந்தாச்சல்ல?" என்று மாமா கேட்டதற்கு, "அது ஹைப்பர்மார்க்கெட் தாத்தா, இது மால்" என்று பாடம் எடுத்தான். எனக்கு யூதத் தெரு. காரணம் கேட்டவர்களிடம் வரலாறு என்று சொன்னேன். கடைகள் என்று சொல்லவில்லை. வீட்டுக்காரருக்கு மீன். சீன வலைக்குப் பக்கத்திலேயே மீனை வாங்கிக் கொடுத்தால் எதிர்க்கடையில் பொரித்துத் தருவார்கள் என்று ஒரு வாரமாகக் காணொளி காணொளியாகப் பார்த்துத் தேறியிருந்தார். டிக்கெட் போட்டதும் அவர்தான்.

லுலு இடப்பள்ளியில், நகரத்துக்கு வடக்கே. சோட்டானிக்கரை திருப்பூணித்துறையையும் தாண்டி. மற்றதெல்லாம் காயலுக்கு அந்தப் பக்கம். எதை விட்டுக்கொடுப்பது என்று ரயிலிறங்கிப் படகுத்துறை வரைக்கும் பேச்சுவார்த்தை. படகில் ஏறியதும் அது தானாக நின்றது. வாட்டர் மெட்ரோ, பேட்டரியில் ஓடுகிற படகு. பழைய படகுகளின் கடகடப்பு இல்லை, குளுகுளுவென்று ஏசி, கண்ணாடிக்கு வெளியே துறைமுகத்துக் கப்பல்கள். "இதுலயே போய்ட்டுப் போய்ட்டு வந்தா ஆகாதா?" என்றார் அத்தை. அந்த யோசனையை அப்போதே ஏற்றிருக்கலாம்.

ஃபோர்ட் கொச்சியில் ஆட்டோக்காரரிடம் மாமா கம்பீரமாக, "டச்சு அரண்மனை" என்றார், மட்டாஞ்சேரி அரண்மனையைத்தான். போகிற விஷயத்தை எங்களுக்கு விளக்கவும் ஆரம்பித்துவிட்டார்: 1555 வாக்கில் கட்டி ராஜாவுக்குக் கொடுத்தது போர்த்துகீசியர்கள், 1663இல் பழுது பார்த்தது டச்சுக்காரர்கள், பெயர் மட்டும் பழுது பார்த்தவனுக்கு. ஆட்டோக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னு வெள்ளியாழ்ச்சயல்லே சாரே, கொட்டாரம் அவதியாணு" என்றார்.

வெள்ளிக்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. மாமா தம் மகனைப் பார்த்தார். மகன் சாலையைப் பார்த்தார். யூதர்களின் ஜெபாலயமும் மதியத்தோடு அடைத்துவிடுவார்கள், சனிக்கிழமை திறக்கவே மாட்டார்கள், இப்போதே போய்விடுங்கள் என்று ஆட்டோக்காரரே எங்கள் அட்டவணையைக் கையில் எடுத்தார். ஓட்டுப் போடாமலேயே முதல் வெற்றி எனக்கு.

1568இல் கட்டிய ஜெபாலயம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் தலைக்கு மேல் கண்ணாடி விளக்குகள், காலுக்குக் கீழே சீனாவிலிருந்து கப்பலில் வந்த வெள்ளையும் நீலமுமான ஓடுகள். எல்லாம் கையால் வரைந்தவை, ஒன்றைப் போல் ஒன்று இருக்காது என்றார் மாமா. அத்தைக்கு அது சவாலாகப் பட்டது. குனிந்தபடி வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனவர், தூண் ஓரத்தில் நின்று பேரனைக் கூப்பிட்டார்.

"கண்ணு, இதும் அந்த மூணாவதும் ஒண்ணுதான?"

"அதுல மரத்துல கிளை ஒண்ணு ஜாஸ்தி அப்பத்தா."

"கிளை இல்ல, கறை."

இரண்டு பேரும் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதி ஏதோ முக்கியமான சங்கதி போலிருக்கிறது என்று நினைத்து அந்த ஓட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஐம்பது வருஷம் வாசலில் கோலம் போட்டவளிடம் புள்ளி மாறினால் தெரியாதா என்பது அத்தையின் கட்சி. மாமா மேல்முறையீடு செய்யவில்லை. இந்த ரகளையில் எனக்குத் தெருக்கடைகளில் ஏலக்காய் விலை கேட்கத்தான் நேரம் கிடைத்தது. வாங்க அல்ல, கேட்க.

அடுத்தது பிரான்சிஸ் தேவாலயம். கூரையிலிருந்து தொங்குகிற நீளத் துணி விசிறிகள், அந்தக் காலத்தில் வெளியே ஆள் நின்று கயிறு இழுத்தால் உள்ளே காற்று வருமாம். தரையில் ஒரு கல்லைச் சுற்றி வேலி. வாஸ்கோ ட காமா 1524இல் கொச்சியில்தான் செத்தார், இங்கேதான் புதைத்தார்கள் என்று மாமா குரலைத் தாழ்த்திச் சொன்னார். அத்தை கும்பிடுவதா வேண்டாமா என்று கையைப் பாதி தூக்கியிருந்தார்.

"இன்னும் உள்ளதான் இருக்கறாரா?"

"இல்ல, 1539ல எடுத்து போர்ச்சுகலுக்குக் கொண்டு போய்ட்டாங்க."

கை இறங்கியது. "ஆளே இல்லாத குழிக்கா அஞ்சு பேரு ரயிலேறி வந்தோம்?"

சீன வலைக்கு வருவோம். தென்னை உயரத் தேக்குக் கழிகள், முனையில் விரிந்த வலை, மறுமுனையில் கயிறுகளில் தொங்குகிற கற்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து இழுத்தால் அந்தக் கற்களின் பாரத்தில் வலை தண்ணீரை விட்டு மேலே வரும். சுற்றுலாக்காரர்களையும் இழுக்க விடுகிறார்கள், பிறகு கையை நீட்டுகிறார்கள். வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டி இழுத்தார். விரல் நீளத்தில் நாலு மீனும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வந்தன. அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. அவர் கண் கரைக் கடையில் மினுமினுத்த கரிமீன் மேல். பேரம் பேசி, தராசில் ஏற்றி, பர்ஸைத் திறந்த நேரத்தில் பின்னாலிருந்து அத்தை குரல்:

"சாமி, இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கவுச்சி கிடையாது. மலையாளம் தெரியாத அத்தையின் தொனியை மீன்காரர் எப்படியோ புரிந்துகொண்டு கரிமீனைத் தராசிலிருந்து எடுத்து மறுபடி ஐஸில் வைத்தார். அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்கக் காசு கொடுத்திருக்கலாம். பகல் சாப்பாடு, தயிர் சாதம்.

அதற்குப் பிறகு விவாதம் எதுவும் நடக்கவில்லை. அரண்மனையை அடைத்த வெள்ளி, ஜெபாலயத்தை அரைநாளாக்கிய வெள்ளி, பகவதிக்கு மட்டும் விசேஷம். கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். காலையில் சரஸ்வதியாக, சாயங்காலம் துர்க்கையாகக் காட்சி தருகிறவள். கீழ்க்காவில், அதாவது கீழே இருக்கிற பத்ரகாளி சன்னதியில், ராத்திரி குருதி பூஜையையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று அத்தை உட்கார்ந்துவிட்டார். லுலு போச்சு. மகனுக்கு இரண்டு ஐஸ்கிரீம் இழப்பீடாக வழங்கப்பட்டது.

எர்ணாகுளம் நடைமேடையில் வண்டி தாமதம். எதிர்க்கடையில் முட்டை பிரியாணிப் பொட்டலங்கள். கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியதும் வீட்டுக்காரர் எழுந்தார்.

"அம்மா, மணி பன்னெண்டரை. வெள்ளிக்கிழமை முடிஞ்சுது."

அத்தை கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "சனிக்கிழமை பெருமாளுக்குக் கண்ணு."