மகன் பெயரில் எனக்கு ஒரு சீட்டு

ஏழு வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை எல்லாம் தடங்கலின்றி முடிந்தன. நான் ஒரு மனநல மருத்துவரைப் பார்ப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

எனக்குத் தூக்கம் போய் வெகுநாள் ஆகியிருந்தது. ஒருமுறை கீமோவுக்குப் போனபோது சிஸ்டர் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். 102 டிகிரி. காலையிலிருந்தே குளிர் நடுக்கமாம். “சொன்னால் அம்மா அழுவாள்” என்று அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறான். கீமோ ஏறும் பிள்ளைக்குக் காய்ச்சல் 100.4 தொட்டாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். “முதலில் நீங்கள் மனநலப் பிரிவுக்குப் போங்கள் அக்கா” என்றார் சிஸ்டர்.

காய்ச்சல் தணிந்து வீடு திரும்பி, அடுத்த கீமோவுக்கு வந்த அன்று ஓபி கவுண்டரில் நின்றேன். “பிள்ளைக்குத்தானே சீக்கு, உனக்கு என்ன?” என்றார் கவுண்டரில் இருந்தவர். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்து மகன் பெயரிலேயே சீட்டுப் போட்டு நீட்டிவிட்டார்: ஆண், வயது 7. காத்துக் கிடந்து என் முறை வந்தபோது, இந்தச் சீட்டில் உங்களுக்கு மருந்து எழுத முடியாது என்றார்கள். திரும்பி ஓடினால் கவுண்டர் மூடியாயிற்று. அம்பாசமுத்திரம் பஸ்ஸில் வயிற்றெரிச்சலோடு ஊர் வந்தேன். அன்றிரவு அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்தேன். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

அத்தை, மனக்கோளாறு தீரும் என்று சங்கரன்கோயிலில் கோமதியம்மன் சன்னதிச் சக்கரத்தில் உட்கார்ந்து வரச் சொன்னார். போய் வந்தேன், அதில் எனக்குக் குறையில்லை. மாத்திரை சாப்பிட்டால் பைத்தியம் என்பார்கள் என்றாரே, அதைத்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுமுறை என் ஆதாரோடு போனேன். கவுண்டரை விட்டு நகருமுன் பெயரையும் வயதையும் வாசித்துப் பாருங்கள். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார் டாக்டர். இந்த வயதுப் பிள்ளைகள் தாங்கள் செய்த ஏதோ ஒன்றால்தான் நோய் வந்தது என்று நினைத்துக்கொள்வார்களாம். கேட்டுப் பார்க்கச் சொன்னார். கேட்டேன். “ஆற்றில் ரொம்ப நேரம் குளித்ததாலா அம்மா?” தாமிரபரணியைப் பார்த்தாலே அவன் முகம் திருப்பியது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அதனால் இல்லை, யாராலும் வந்ததில்லை, தங்கைக்கும் ஒட்டாது என்று பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும் வாரத்தில் தட்டை எறிவான். அது மருந்தின் கோபம், அடிக்காதீர்கள்.

இப்போது தெர்மாமீட்டரை அவனே எடுத்து வருகிறான். நான் அசந்து தூங்கும் நேரம் பார்த்து, 99-க்கெல்லாம் எழுப்பிவிடுகிறான்.