அப்பாவின் மூக்கோரப் புண்

ஏப்ரல் 7, திங்கள்

புண்ணிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்ஸி முடிவு வந்துவிட்டது. 'பேசல் செல் கார்சினோமா, நிறமி வகை' என்று போட்டிருந்தது. "என்ன போட்ருக்கு தாயி?" என்று அப்பா கேட்டார். டாக்டரே சொல்லட்டும் என்று தாளைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் அந்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "புத்துநோய்தான் ஐயா. ஆனா உயிர எடுக்குற வகை இல்ல."

"அப்ப விட்ரலாமே?"

"விட்டா மூக்கு போயிரும்."

அப்பா அதற்கு மேல் பேசவில்லை. அவருடைய மீசைக்கும் மூக்குக்கும் ஊரில் ஒரு மதிப்பு உண்டு.

மேல்தோலின் அடி வரிசையில் உள்ள செல்கள்தான் பெருகி மேலே ஏறித் தேய்ந்த தோலை ஈடுகட்டுகின்றன. அந்த அடிவரிசையில் தொடங்குவது இந்த வகை. வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அபூர்வம், நூற்றில் ஒன்றுக்கும் கீழே. ஆனால் பக்கத்துக் காட்டுக்காரன் வருஷா வருஷம் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் தன் பக்கம் சேர்ப்பானே, அப்படி இடம் பிடித்துக்கொண்டே போகும். முதலில் தோல், பிறகு குருத்தெலும்பு, கவனிக்காமலே விட்டால் எலும்பு வரை.

ஏப்ரல் 9, புதன்

அப்பாவுக்கு மூக்கின் வலது ஓரத்தில் மிளகளவு கறுப்பாக ஒன்று இருந்தது. மச்சம் என்றார்கள் சிலர், மரு என்றார்கள் சிலர். முடிதிருத்துகிறவர் குதிரைவால் முடியைக் கட்டச் சொன்னார். பெரியப்பா சுண்ணாம்பு தடவச் சொன்னார். அப்பா இரண்டையும் செய்து பார்த்துவிட்டார். சவரம் செய்தால் ரத்தம் வரும், பொருக்கு கட்டும், உதிரும், ஆறின மாதிரி தெரியும், அடுத்த மாதம் மறுபடி ரத்தம். வலி மட்டும் கிடையாது. வலிக்கவில்லை என்பதுதான் இத்தனை காலம் ஓடியதற்குக் காரணம். பல்வலிக்கு மறுநாளே ஓடுகிற மனுஷன், வலிக்காத புண்ணை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

நேற்று ராத்திரி கைபேசியில் படங்களைத் தேடினேன். எல்லாம் வெள்ளைக்காரர் முகம், இளஞ்சிவப்பு மொட்டு, மேலே மெல்லிய ரத்தக் குழாய்கள். அதைப் பார்த்தால் அப்பாவுடையது வேறு ஏதோ என்றுதான் தோன்றும். நம் நிறத்தில் இது பெரும்பாலும் கறுப்பாகவோ பழுப்பாகவோதான் வரும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். லென்ஸும் விளக்கும் சேர்ந்த ஒரு சின்னக் கருவியை வைத்து எனக்கும் காட்டினார். நடுவில் குழிந்த புண், சுற்றிலும் பளபளவென்று திரண்ட விளிம்பு, உள்ளே சாம்பல் நீலத்தில் திட்டுத் திட்டாக ஏதோ. வெறும் கண்ணுக்கு இதில் பாதிகூடத் தெரியாது.

ஏப்ரல் 16, புதன்

ஏப்ரல் நடுவில் மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். பன்னிரண்டேகால் வாக்கில் மொட்டைமாடிக் கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. அப்பா தேனிக்கும் ராஜபாளையத்துக்கும் முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். நம் வண்டியில் டிரைவர் இருப்பது வலது பக்கம், ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும். வலது கன்னம் இடது கன்னத்தைவிடக் கறுத்து, சுருக்கம் கூடித்தான் இருக்கிறது.

அதனால்தான் வந்ததா என்று கேட்டேன். வெயிலின் புறஊதாக் கதிர் செல்லின் மரபுப்பொருளைக் கெடுப்பது உறுதி, ஆனால் ஒரு ஆளை வைத்து இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. நம் தோலின் மெலனின் பெரிய காவல், அதனால்தான் நம் நாட்டில் தோல் புற்று மொத்தத்தில் குறைவு. குறைவு என்பதை இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம், அங்கேதான் சிக்கல்.

ஏப்ரல் 23, புதன்

அறுவை முடிந்தது. மரத்துப்போகும் ஊசி மட்டும்தான். மேஜையில் படுத்தபடியே உசிலம்பட்டி ரோட்டின் பள்ளங்களைப் பற்றி அப்பா பேசிக்கொண்டிருந்தாராம். கண்ணுக்குத் தெரிகிற எல்லையோடு நிறுத்தாமல் சுற்றிலும் 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்து, கன்னத்துத் தோலைத் திருப்பி மூடித் தைத்திருக்கிறார்கள். எடுத்த சதையின் ஓரங்கள் சுத்தமா என்று பரிசோதனைக்குப் போயிருக்கிறது.

அமெரிக்காவில் மோஸ் என்பவர் 1930-களில் கொண்டுவந்த முறை ஒன்று உண்டு. ஒரு படலம் வெட்டி, உடனே நுண்ணோக்கியில் பார்த்து, மிச்சம் இருக்கிற இடத்தில் மட்டும் அடுத்த படலம் வெட்டுவது. முகத்தில் நல்ல தோல் வீணாகாது. நம் நாட்டில் சில இடங்களில்தான் செய்கிறார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

தையல் வலிக்கிறதாம். இத்தனை நாள் சும்மா இருந்ததைத் தொட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்று காலையிலிருந்து புலம்பல்.

மே 2, வெள்ளி

தையல் பிரித்தாயிற்று. பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்த கையோடு தங்கள் மச்சத்தைக் காட்டுகிறார்கள். கழுத்து மச்சம், முதுகு மரு, பாலுண்ணி. நான் டாக்டர் இல்லை என்றால் யார் கேட்கிறார்கள்? "நீதான் கூடவே போனியே."

கேட்டு வந்ததை மட்டும் சொல்கிறேன். பல வருஷமாக மாறாமல் இருக்கிற மச்சத்துக்குப் பயப்பட வேண்டாம். புதிதாக வந்து வளர்வது, நிறமோ வடிவமோ மாறுவது, ரத்தம் கசிவது, ஒரு மாதமாகியும் ஆறாதது என்றால் காட்டிவிடுங்கள்.

எதிர்வீட்டு மதினிதான் எனக்குக் கவலை. சின்ன வயதில் ஸ்டவ் வெடித்து முழங்கையில் பட்ட தீக்காயத் தழும்பு. அதன் நடுவில் இப்போது ஒரு புண், ஓரம் தடித்திருக்கிறது. பழைய தழும்பில் வருவது பெரும்பாலும் தோல் புற்றில் இன்னொரு வகை, ஸ்குவாமஸ் செல் என்பார்கள். அது அப்பாவுடையதைப் போல இருந்த இடத்திலேயே இருக்காது, நெறிகட்டும் இடங்களுக்குப் பரவக்கூடியது. வெயிலே தேவையில்லை, ஓயாத உரசலும் ஆறாத புண்ணும் போதும். இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டுகிற இடத்தில் இப்படி வருவதை பம்பாயில் கானோல்கர் என்ற டாக்டர் 1945-லேயே எழுதியிருக்கிறார். பாவாடை நாடா அழுத்துகிற இடத்திலும் வரும். மதினியிடம் அதைச் சொன்னதும் சட்டென்று இடுப்பைத் தடவிப் பார்த்தார்கள்.

தோல் புற்றில் மூன்றாவது வகை மெலனோமா. அபூர்வம், ஆனால் மூன்றில் ஆபத்தானது அதுதான். நம்மைப் போன்ற நிறத்தவருக்கு அது அதிகம் வருவது வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது, 1981-ல் 36 வயதில் இறந்தார். செருப்பில்லாமல் வயலுக்குப் போகிற ஊரில் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறவர் யார்?

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கியாயிற்று. அப்பாவைக் கூட்டத்துக்குள் விடவில்லை, தொலைக்காட்சியில்தான் பார்த்தார். அதில் அவருக்குக் கோபம்.

ஓரங்கள் சுத்தம் என்று முடிவு வந்துவிட்டது. கதிர்வீச்சு வேண்டாம், மருந்து வேண்டாம். ஒரு முறை வந்தவருக்கு வேறொரு இடத்தில் இன்னொன்று வர வாய்ப்பு இருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து முகம், காது, கழுத்து எல்லாம் காட்ட வேண்டும். அகல விளிம்புத் தொப்பி வாங்கித் தந்தேன். "நான் என்ன டூரிஸ்டா?" என்று ஆணியில் மாட்டிவிட்டார். துண்டைத் தலையில் போட்டு முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொள்கிறார். சரி, அதாவது நடக்கட்டும்.

மதினி திருவிழா முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார்கள். நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஓ.பி. சீட்டு வரிசை எட்டு மணிக்கே நீண்டுவிடும்.