ரோஸ் பவுல் வாசல்ல பழைய பேப்பர் வேட்டை

அமெரிக்காவுல, கலிஃபோர்னியா பசடினால ரோஸ் பவுல் ஸ்டேடியத்தை சுத்தி மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை பழைய சாமான் சந்தை போடுவாங்க, சீக்கிரம் உள்ள போகணும்னா டிக்கெட் காசு கூட, ஆனா நல்ல சரக்கு முதல்லயே போயிடும்னு சொன்னாங்க, அதனால இருட்டுலயே காரை எடுத்துட்டேன். "பழைய பேப்பருக்கு நாம காசு குடுக்கணுமா? ஊர்ல பேப்பர்காரர் நமக்கில்ல குடுப்பாரு"ன்னு வீட்டுக்காரம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான்.

நான் தேடுறது காலேஜ் ஃபுட்பால் மேட்ச்ல அந்தக் காலத்துல வித்த புரோகிராம் புக்கு. அமெரிக்கன் ஃபுட்பாலுங்க, நம்ம ஃபுட்பால் இல்ல. இந்த ஸ்டேடியத்துல வருஷா வருஷம் நடக்குற காலேஜ் மேட்ச்சுக்கும் ரோஸ் பவுல்னுதான் பேரு, அதுலயும் 1929ல கலிஃபோர்னியாவும் ஜார்ஜியா டெக்கும் மோதுன ரோஸ் பவுல் மேல எனக்கு ஒரு கிறுக்கு. கலிஃபோர்னியா டீம்ல ராய் ரீகல்ஸ்னு ஒருத்தர், கீழ விழுந்த பந்தை எடுத்துட்டு திசை தெரியாம சொந்த டீமோட கோல் கோடு பக்கமாவே 69 கெஜம் ஓடிட்டாரு, கூட ஆடுன பென்னி லாம் கத்திக்கிட்டே துரத்திப் போயி புடிக்கறதுக்குள்ள கோடு கிட்டயே வந்துருச்சு. அடுத்து கலிஃபோர்னியா உதைச்ச பந்தை ஜார்ஜியா டெக் தடுத்து 2 பாயிண்ட் வாங்கிட்டாங்க. கடைசில 8-7ன்னு ஜெயிச்சது ஜார்ஜியா டெக். இப்ப அந்த 2 பாயிண்ட்டை கழிச்சுப் பாருங்க, பாவம் மனுசன்.

அந்த மேட்ச் புரோகிராமே ஒரு கடைல இருந்துச்சு! கை நடுங்கிடுச்சு. லென்ஸ் வெச்சுப் பாத்தா போட்டோவுல புள்ளி மேல புள்ளி, அதாவது அச்சடிச்சதை திரும்ப அச்சடிச்சது, ஸ்டேப்ளர் பின் வேற பளபளன்னு இருக்கு. கடைக்கார தாத்தாகிட்ட கேட்டா "ஒரிஜினல்னு நான் சொன்னேனா?"ன்னு சிரிக்கிறாரு. சொல்லலதான்.

அவர்கிட்டயே ஒரு யூ.எஸ்.சி (சதர்ன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி) டீம் கொடி வாங்குனேன், முக்கோணமா, கம்பளி ஃபெல்ட் துணில, எழுத்தெல்லாம் தனியா வெட்டித் தைச்சது. அச்சடிச்ச எழுத்தை விட இந்த மாதிரிக்குத்தான் எனக்கு மனசு போகும். இந்த ஸ்டேடியத்துல நடந்த முதல் ரோஸ் பவுல், 1923ல, பென் ஸ்டேட் யுனிவர்சிட்டி டீமை 14-3ன்னு அடிச்சது யூ.எஸ்.சி தான், அதனால இங்கயே வாங்குனதுல ஒரு திருப்தி. பூச்சி அரிச்சு நாலு ஓட்டை, அதைக் காட்டித்தான் பாதி விலைக்கு பேசுனேன்.

கம்பளில பூச்சி முட்டை இருந்தா வீட்டுத் துணியும் போச்சு, அதனால கவர்ல காத்து போகாம கட்டி ஃப்ரீசர்ல வெச்சுட்டேன். ராத்திரி தேங்காத்துருவல் எடுக்கப் போன வீட்டுக்காரம்மா கைல முதல்ல கெடைச்சது அதுதான்.