கொழிஞ்சாம்பாறையில் பங்குனி

மார்ச் 17
ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 8.4. போன மாதமும் ஏறக்குறைய இதேதான். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. 3-க்கு மேல் நின்றாலே இதயத்துக்கு ஆகாது என்கிறார்கள். தண்டுவடத்தில் அடிபட்ட பிறகு கொசு கடித்தாலும் தெரியாத இந்த உடம்புக்குள் எங்கோ ஒரு கங்கு அணையாமல் கிடக்கிறது.

மார்ச் 18
விடியுமுன் கைமிதி. பழைய சைக்கிள் பெடலை வெல்டிங் பட்டறைக்காரர் மேசையில் பொருத்தித் தந்தது. நன்றாகச் சுற்றுகிறது. வெயில் ஏறிவிட்டால் முடியாது. மார்புக்குக் கீழே எனக்கு வியர்க்காது. சூடு உள்ளேயே தங்கிவிடும். செல்வி ஈரத்துண்டை மாற்றி மாற்றிக் கழுத்தில் போட்டாள்.

மார்ச் 20
உட்காரும் இடம் சிவக்கவில்லை, புண்ணுக்கான அறிகுறி இல்லை. நல்ல நாள்.

மார்ச் 23
தூக்கம் வரவில்லை. உழைக்கும் தசை இன்டர்லூகின்-6 என்ற பொருளை ரத்தத்தில் விடுகிறது. எப்போதும் கூடுதலாகவே இருந்தால் அழற்சியின் அடையாளம் அது. உழைப்பின்போது சற்று நேரம் பெருகி அடங்கினாலோ, அழற்சியைத் தணிக்கும் பொருள்களைக் கூட்டி வருகிறது. அட்ரினலினுக்கும் இதில் பங்குண்டு. அதைச் சுரக்கும் சுரப்பிக்கான நரம்புகள், எனக்கு அடிபட்ட, மார்பு முதுகெலும்பில் நான்காவதான டி4-க்குக் கீழேதான் பெரும்பாலும் தண்டுவடத்தை விட்டுப் பிரிகின்றன. மூளை சொல்வது அங்கே போய்ச் சேராது. தொடைகள் சேராமல் இரண்டு கைகள் மட்டும் எவ்வளவு சுரந்துவிடும்? கையால் மிதித்தவர்களுக்கும் அழற்சி குறைந்ததாகச் சில ஆய்வுகள் உண்டு; அவற்றில் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தசையால் குறைந்ததா, வயிற்றுக் கொழுப்பு கரைந்ததாலா? எதனாலோ, குறையட்டும். வாரம் மூன்று முறை, மூச்சு வாங்க 30 நிமிடம் என்று 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. பிசியோ சாரும் அதைத்தான் சொல்கிறார். செய்கிறேன்.

மார்ச் 24
தோப்பில் மரம் ஏறுகிறவர்களின் பேச்சுச் சத்தம். சன்னலைச் சாத்தச் சொன்னேன்.

மார்ச் 27
மிதித்துக்கொண்டிருக்கும்போதே மண்டையைப் பிளக்கும் வலி. முகம் சிவந்து கழுத்தெல்லாம் வியர்வை. "படுக்காதீர்கள், நிமிருங்கள்" என்று செல்வி தாங்கிப் பிடித்து, இடுப்புப் பட்டையைத் தளர்த்தி, சிறுநீர் டியூபைத் தேடினாள். மடங்கியிருந்தது. நேராக்கியதும் பைக்குள் சிறுநீர் இறங்கியது, வலியும் இறங்கியது. 100-ஐ ஒட்டி நிற்கும் என் ரத்த அழுத்தம் 170-க்குப் போயிருந்தது. டி6-இலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு வரும் இந்தத் திடீர் ஏற்றம் உயிரையே எடுத்துவிடக்கூடும். பந்தயத்தில் வேகம் கூடுமென்று வேண்டுமென்றே இதை வரவழைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்; பாராலிம்பிக்கில் அதற்குத் தடை. அந்த வலியைத் தெரிந்துகொண்டே எப்படித் துணிகிறார்கள்!

மார்ச் 28
அம்மா வந்து அழுதாள்.

மார்ச் 31
வீட்டுக்கே வந்து பார்க்கும் பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் நர்ஸ் வந்தார். சிறுநீர் கலங்கியிருக்கிறது, நாற்றமும் இருக்கிறது. பரிசோதனைக்கு எடுத்துப் போனார். கைமிதியை மேசையை விட்டு இறக்கிவைக்கச் சொல்லிவிட்டார். எத்தனை நாளாக இது உள்ளே இருந்ததோ. தொற்றை வைத்துக்கொண்டு எடுத்த எண் என்றால், அந்த 8.4-க்கு என் கைகள் என்ன பதில் சொல்ல முடியும்? கோபமாகவும் இருக்கிறது, சற்று ஆறுதலாகவும் இருக்கிறது.

ஏப்ரல் 2
மேரி வர்கீஸை நினைத்துக்கொண்டிருந்தேன். கொச்சிப் பக்கத்துச் செறாயிக்காரர். 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு, வேலூரில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கைகள். எனக்கும் அவைதான் மிச்சம்.

ஏப்ரல் 5
மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது. வலது தோளில் குத்தல். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும் இந்தத் தோளை நம்பித்தான்.

ஏப்ரல் 6
குத்தல் போகவில்லை.

ஏப்ரல் 9
நாளையோடு மாத்திரை முடிகிறது. சிறுநீர் தெளிந்திருக்கிறது. உடனே ரத்தப் பரிசோதனை வேண்டாம், இரண்டு வாரம் போகட்டும் என்கிறார் சார். அதற்குள் மிதிக்கலாமா என்று கேட்டேன். தோளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். பெடலின் இடப்பக்கக் கைப்பிடி கழல்கிறது. பட்டறைக்காரரிடம் செல்வி சொல்லி அனுப்பியிருக்கிறாள். கூடவே மேசையை நான்கு விரல் தாழ்த்தவும் சொல்ல வேண்டும், அப்போதுதான் தோள் உயராமல் மிதிக்கலாம்.