கார்ன்வால் கரையில் செப்டம்பர்: காற்று ஓய்ந்தாலும் ஓயாத கடல்

செப்டம்பர் கடைசி வாரத்தில் கார்ன்வால் போகிறோம் என்று சொன்னதும், தெரிந்தவர்கள் எல்லாரும் ஆகஸ்டிலேயே போயிருக்கலாமே என்றார்கள். ஆகஸ்டில் அங்கே வெயில் இருக்கும், கூட்டம் இருக்கும், கடலும் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். நான் பார்க்க ஆசைப்பட்டதோ பருவம் மாறுகிற கடலை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் அட்லாண்டிக்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் அது. சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே நகரும் இந்த நாட்களில் வடக்கே குளிர் இறங்கத் தொடங்கிவிடும். கடல்நீர் மட்டும் கோடையின் சூட்டை விடாமல் 16, 17 டிகிரியில் இருக்கும். அட்லாண்டிக்கில் தாழ்வழுத்தங்கள் வலுப்பெற்று ஒன்றன்பின் ஒன்றாக இந்தப் பக்கம் வருவது இப்போதுதான். மேற்கே உருவான சூறாவளிகளின் மிச்சமும் சில வருடங்களில் வந்து சேரும். 2017 அக்டோபர் 16 அன்று அயர்லாந்தைத் தாக்கிய ஒஃபீலியா அப்படி வந்ததுதான்.

எங்களோடு மாமாவும் வந்தார். என் மனைவியின் அப்பா. குளச்சல்காரர், வாழ்நாளில் பாதிக்கு மேல் வள்ளத்தில் கடலுக்குப் போனவர். எங்களுடன் சில மாதங்கள் தங்க வந்திருந்தார். கார்ன்வாலில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, "துறைமுகம் இருந்தாப் போதும்" என்றார். அதனால் நியூலினில் அறை எடுத்தோம்.

நியூலின் பெரிய மீன்பிடித் துறைமுகம். அதன் தெற்குக் கல்பாலத்தின் நுனியில் சின்ன கலங்கரை விளக்கமும், அதை ஒட்டி, கடல் ஏறி வற்றும் ஓதத்தை அளக்கும் நிலையமும் இருக்கின்றன. 1915 மே முதல் 1921 ஏப்ரல் வரை அங்கே மணிக்கொரு முறை கடல்மட்டத்தை அளந்து சராசரி எடுத்தார்கள். பிரிட்டன் பெருநிலத்தில் எந்த மலையின் உயரத்தைச் சொன்னாலும் அந்தச் சராசரியிலிருந்துதான் சொல்கிறார்கள். மாமாவை அதைவிட ஈர்த்தது ஓதத்தின் அளவு. குளச்சலில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அது 5 மீட்டரை எட்டும். செப்டம்பர் சமப்பகல் சமயத்தில் இன்னும் கூடும். காலையில் கண் எதிரே மிதந்த படகு மத்தியானம் ஆழத்தில் கிடப்பதைப் பார்த்து, கயிற்றை எவ்வளவு நீளம் விட்டுக் கட்டுகிறார்கள் என்று ஒவ்வொரு படகாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார்.

முதல் நாள் அருமையான வெயில். க்வென்னப் ஹெட் என்ற முனைக்குப் போனோம். அங்கே பாறை மேல் ஒரு கண்காணிப்புக் கூண்டு உண்டு. தேசியக் கடலோரக் கண்காணிப்பு அமைப்பின் தொண்டர்கள் அதில் முறை வைத்து உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள். அரசு கடலோரக் காவல் கூண்டுகளை மூடிய காலத்தில், மூடப்பட்ட கூண்டு ஒன்றுக்குக் கீழேயே, கார்ன்வாலின் லிசார்ட் முனைப் பக்கம் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு 1994இல் பொதுமக்களே தொடங்கிய அமைப்பு இது. ஓய்வு பெற்றவர்கள்தான் அதிகம். சம்பளம் கிடையாது. இதைப் படிக்கிற யாராவது அந்தப் பக்கம் போனால், உள்ளே போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். சொல்லித் தருவதற்கு அவர்களுக்கு அவ்வளவு விருப்பம்.

முனையில் நிற்கும்போது கடலுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. நீளமாக எழுந்து, அடங்கி, மறுபடி எழுந்தது. மைல் தூரத்தில் ரன்னல் ஸ்டோன் என்ற பாறைக்குக் காவலாக மிதக்கும் மிதவையின் குரல் அது. அலை மிதவையைத் தூக்கி இறக்கும்போது உள்ளே காற்று அழுந்தி ஊதும். மின்சாரம் எதுவும் தேவையில்லை, கடல் ஏறி இறங்கினால் போதும். ஒரு காலத்தில் வற்று நேரத்தில் அந்தப் பாறையின் தலை வெளியே தெரியுமாம். 1923இல் சிட்டி ஆஃப் வெஸ்ட்மின்ஸ்டர் என்ற கப்பல் மோதித் தலை உடைந்ததிலிருந்து அது நீருக்கடியில் கிடக்கிறது.

காற்றே இல்லாத நாளில் ஏன் இப்படி முனகுகிறது என்று கூண்டில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் கணினியில் செவன்ஸ்டோன்ஸ் விளக்குக் கப்பலின் அளவீட்டைக் காட்டினார். கார்ன்வாலின் மேற்கு நுனியான லேண்ட்ஸ் எண்டுக்கும் சில்லி தீவுகளுக்கும் நடுவே, செவன்ஸ்டோன்ஸ் பாறைத் திட்டுக்குக் காவலாக நங்கூரமிட்டிருக்கும் கப்பல் அது. டோரி கேன்யன் எண்ணெய்க் கப்பல் 1967இல் மோதி உடைந்ததும் அந்தப் பாறைத் திட்டில்தான். அலை உயரம் இரண்டு மீட்டர்தான் இருந்தது. ஆனால் ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 15 விநாடி. மாமா திரையைப் பார்க்கவே இல்லை. வெளியே கடலைப் பார்த்தபடி, "ரெண்டு அலைக்கு நடுவுல உள்ள எட்டத்தப் பாத்தீங்களா மருமகனே? இது இங்க உள்ள காத்து எழுப்பினது இல்ல. வேற எங்கயோ அடிச்சிருக்கு" என்றார். அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அந்தப் பெரியவர் எழுந்து வந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், கடலோரம் போகிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கடலில் எங்கோ ஒரு புயல் அலையை எழுப்பினால், அந்த அலை புயலோடு நின்றுவிடாது. புயலை விட்டுக் கிளம்பித் தன் போக்கில் பயணம் செய்யும். இடைவெளி அதிகமுள்ள நீள அலைகள் வேகமாகப் போகும். 14 விநாடி அலைகளின் வலு ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் நகரும், 18 விநாடி அலைகளுடையது 50 கிலோமீட்டரில். அதாவது ஒரே நாளில் 900 கிலோமீட்டருக்கு மேல். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை மூன்றாவது நாள் இங்கே வெயிலில் வந்து நிற்கும். மிக நீளமானவை முதலில் வரும். ஆழத்தில் அவை கண்ணுக்கே தெரியாமல் மெல்ல ஏறி இறங்கும். கரைக்குப் பக்கத்தில் தரை தட்டியதும்தான் உயர்ந்து எழும். ஆறேழு சின்ன அலைகள் வந்து போய், கடல் அமைதி என்று நம்பி இறங்கியதும், பெரிய அலைகள் கூட்டமாக வரும்.

நம் ஊர்ச் செய்திகளில் கள்ளக்கடல் என்று வருகிறதே, அதுவும் இதேதான். ஏப்ரல், மே மாதங்களில் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயல்களின் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து குமரிக் கரைக்கு வரும். அங்கே வானம் தெளிவாக இருக்கும். 2024 மே மாதம், கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் ஐதராபாத்தின் இன்காய்ஸ் மையம் எச்சரித்திருந்த அந்த நாட்களில், கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். மாமாவின் ஊரிலிருந்து அது அதிக தூரமில்லை. அதைப் பேச ஆரம்பித்தால் அவருக்கு இன்னும் குரல் கம்மும். புயல் நேரத்தில் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள், ஆளை எடுப்பது வெயில் நாள்தான் என்பார்.

அன்று இரவு வானொலியில் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை கேட்டோம். பிபிசி ரேடியோ 4இல் நள்ளிரவு தாண்டி 12.48க்கு வரும். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காற்று, கடல் நிலை, மழை, தெளிவு என்று சில சொற்களில் முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. உடனடி என்றால் 6 மணி நேரத்துக்குள், விரைவில் என்றால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள், பிறகு என்றால் அதற்கும் அப்புறம். கடல் 'கரடு' என்றால் அலை 2.5 மீட்டர் முதல் 4 வரை, 'மிகக் கரடு' என்றால் 6 வரை. நியூலின் சேரும் ப்ளிமத் பகுதிக்கு அன்று தென்மேற்குக் காற்று 5, இடம்புரிந்து தெற்காகி, பிறகு கடுங்காற்று 8 என்றார்கள். இந்த எண்கள் பியூஃபோர்ட் என்ற காற்று அளவுகோலில் வருபவை, 8 என்றால் மணிக்கு 34 முதல் 40 நாட்டிகல் மைல். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க மாமா கேட்டுக்கொண்டிருந்தார். "கச்சான் தெக்கால திரும்புனா அடி உண்டு" என்றார். மேற்குப் பக்கமிருந்து வரும் காற்றுக்கு அவர்கள் ஊரில் கச்சான் என்று பெயர்.

இப்படி முன்கூட்டிச் சொல்லும் வழக்கத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சாவு இருக்கிறது. 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் உடைந்து ஏறத்தாழ 450 பேர் இறந்தார்கள். டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் கேப்டனாக இருந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய் அப்போது வானிலைத் துறைக்குப் பொறுப்பாளர். கரையோர நிலையங்களிலிருந்து தந்தியில் செய்தி வாங்கி, 1861இல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்ப ஆரம்பித்தார். கம்பத்தில் கூம்பும் உருளையும் ஏற்றுவார்கள், அதன் நிலையைப் பார்த்து மாலுமிகள் புரிந்துகொள்வார்கள். பாம்பனிலும் நாகையிலும் கடலூரிலும் நம் ஆட்கள் புயல் கூண்டு ஏற்றுவதும் இந்த வகைதான். 2002இல் ஒரு கடல் பகுதிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

சொன்னபடியே மறுநாள் காற்று தெற்குப் பக்கம் சாய்ந்து ஏறியது. நியூலின் இருக்கும் மவுண்ட்ஸ் பே விரிகுடா தெற்குப் பார்த்தது, அதனால் நேராக அடி வாங்கியது. வெளியே போன படகுகள் எல்லாம் முந்தின இரவே உள்ளே வந்து நெருக்கியடித்துக் கட்டப்பட்டிருந்தன. பகல் முழுக்க மழை, எதிர்க்கரை தெரியவில்லை. சாயங்காலம் வானிலை முகப்பு, அதாவது சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் சந்திக்கும் எல்லை, கடந்ததும் காற்று சட்டென்று மேற்கே திரும்பியது. கொஞ்ச நேரத்தில் விரிகுடா அடங்கிவிட்டது. நிலத்தின் மறுபக்கம், 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் சென்னன் கோவ் என்ற கடற்கரைக் கிராமத்தில் கடல் அப்போதுதான் எழ ஆரம்பித்திருந்தது. வானொலியில் கரையோரக் கடலுக்கான வானிலை அறிக்கையை லேண்ட்ஸ் எண்டில் வெட்டி இரண்டாகப் படிப்பதன் நியாயம் அப்போது விளங்கியது.

மழை விட்ட நேரத்தில் மவுஸல் கிராமத்துக்குக் கரையோரச் சாலையில் நடந்தோம். வழியில் பென்லீ முனை. பழைய உயிர்காப்புப் படகுக் கொட்டகையை அப்படியே வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு நினைவுத் தோட்டம். 1981 டிசம்பர் 19 இரவு, யூனியன் ஸ்டார் என்ற சரக்குக் கப்பல் இயந்திரம் நின்று கரையை நோக்கி அடித்துவரப்பட்டது. ஹெலிகாப்டரால் யாரையும் தூக்க முடியவில்லை. மவுஸலைச் சேர்ந்த எட்டுத் தொண்டர்கள் சாலமன் பிரவுன் என்ற மரப் படகில் போனார்கள். ஒரு வீட்டிலிருந்து ஒருவர் போதும் என்று, தந்தை ஏறிவிட்ட படகில் மகனை ஏறவிடவில்லை படகுத் தலைவர். நான்கு பேரை ஏற்றிவிட்டோம் என்று வானொலியில் சொன்னார்கள். அதன் பிறகு குரல் வரவில்லை. இரண்டிலும் சேர்த்துப் பதினாறு பேரும் போய்விட்டார்கள். ஒரே நாளைக்குள் அந்தச் சின்ன கிராமத்தில் புதிய குழுவுக்கு ஆள் சேர்ந்துவிட்டது.

கல்லில் இருந்த பெயர்களை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். அப்புறம், அந்த மகன் என்ன ஆனான் என்று கேட்டார். பின்னாளில் அவரே உயிர்காப்புப் படகின் தலைவரானார் என்றேன். "ஆவான்" என்றார்.

அடுத்த நாள் சில்லி தீவுகளுக்குக் கப்பலில் போவதாக இருந்தது. காலையில் நீல வானம், காற்று 3க்கு மேல் இல்லை. ஆனால் கப்பல் போகவில்லை. பென்சான்ஸ் துறையில் பலர் முகம் சுளித்தார்கள், குழந்தைகள் அழுதன. எனக்கு அவர்கள் வருத்தம் புரிந்தது, முடிவும் சரியென்றே பட்டது. தீவுத் துறையில் ஆழம் குறைவு என்பதால் அந்தக் கப்பலின் அடிப்பகுதி அதிகம் ஆழம் போகாதபடி கட்டப்பட்டது, நீள அலையில் நன்றாகவே ஆடும்.

கிடைத்த பகலில் சென்னன் கோவுக்குப் போனோம். காற்றே இல்லை. அலைகள் மட்டும் வரிசை வரிசையாக, நெற்றியில் வெயில் பளபளக்க, லாங்ஷிப்ஸ் கலங்கரை விளக்கத்தின் பாறைகளைத் தாண்டி வந்து உடைந்தன. மணலில் சிவப்புக் கொடி. ஓர் உயிர்காப்பாளர் பெண் ஒவ்வொரு குடும்பமாகப் போய், சிரித்த முகத்தோடு, முழங்கால் ஆழத்தில்கூட இறங்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு பேர் கேட்டாலும் சலிக்கவில்லை. கணபதிபுரத்திலும் இப்படி ஒரு பிள்ளை நின்றிருந்தால் என்று மாமா சொன்னார். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டார்.

அதற்கடுத்த நாள் கப்பல் கிளம்பியது. சில்லி தீவுகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், அவ்வளவு இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் தீவுப் பயணத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாமல் முன்னாடியே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு நாள் சும்மா இருக்கட்டும். பயணிகள் கப்பல் குளிர்காலத்தில் ஓடாது. ஓத அட்டவணையை அறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். கரைக்குப் போகுமுன் காற்றின் வேகத்தோடு அலையின் இடைவெளியையும் பாருங்கள், 12 விநாடிக்கு மேல் இருந்தால் பாறை விளிம்புகளுக்குப் போகாதீர்கள். உயிர்காப்பாளர்கள் இல்லாத கடற்கரைகள் அக்டோபரில் அதிகமாகிவிடும்.