படிவத்தில் மதம் கேட்ட கட்டம்

விடுமுறையில் திருகோணமலைக்கு வந்து ஒரு கிழமைதான் ஆகிறது, அதற்குள் ஜேர்மனிக்கு மாஸ்டர்ஸ் செய்யப் போவது எப்படி என்று டச் பே கடற்கரையில் கச்சான் பையோடு என்னைப் பிடித்து உட்காரவைக்காத தம்பிமார் இல்லை. விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு முடக்கிவைக்கும் புளொக்ட் எக்கவுண்டில் போட வேண்டிய 11,904 யூரோ எல்லாருக்கும் மனப்பாடம். மதம் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. போகும்போது நானும் கேட்கவில்லை.

அங்கே அறை கிடைத்ததும் நகரசபையில் பதிய வேண்டும். படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம். பேனா நின்றுவிட்டது. கோணேசரைக் கும்பிட, ஆமி முகாம் இருக்கும் கோட்டை வாசலைத் தாண்டிப் போய் வளர்ந்தவனிடம் அரசாங்கம் மதம் கேட்டால் வயிற்றைக் கலக்காதா? ஏன் என்று கேட்டேன். வரிக்காம். கத்தோலிக்கருக்கும் புரொட்டஸ்தாந்தருக்கும், கட்டுகிற வருமான வரியில் இன்னொரு 9 வீதம் (இரண்டு மாநிலங்களில் 8) தேவாலய வரி, அதை அரசே பிடித்துச் சபைக்குக் கொடுக்கும். சைவத்துக்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கு அது லாபமாகத்தான் தெரிந்தது.

பாலையூற்று நண்பன் ஒருத்தன் உள்ளதைச் சொல்லிக் கத்தோலிக்கன் என்று எழுதினான். படிக்கும்வரை ஒன்றும் இல்லை, வேலைக்குப் போனபிறகு முதல் சம்பளத் துண்டில் அந்த வரி வந்து நின்றது. எங்கள் மாநிலத்தில் அதிலிருந்து கழல வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்குப் போய் 30 யூரோ கட்டி, சபையை விட்டு விலகுகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். "அம்மாவுக்கு என்ன மச்சான் சொல்லுறது?" என்றான். இன்னும் கட்டுகிறான்.

மதச் சுதந்திரம் ஜேர்மன்காரருடைய அடிப்படைச் சட்டத்தில் 4ஆவது பிரிவு. தீபாவளியன்று ஆய்வுகூட வகுப்பும் இருக்கும், பூரணைக்குப் பூரணை லீவு கண்ட உடம்புக்கு அது கொஞ்சம் கஷ்டம். நம் அரசியல் யாப்பும் 10ஆவது உறுப்புரையில் அதே சுதந்திரத்தைத்தான் சொல்கிறது, 9இல் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்து முடித்த பிறகு. அப்புறம், அறையில் கற்பூரம் கொளுத்தாதீர்கள், கூரையில் இருக்கும் அலாரம் சைவமா வேதமா என்று பார்க்காது.

கோயில் வேண்டுமென்றால் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள். 2002இல் எங்கள் ஆட்கள் எழுப்பியது, தொழிற்பேட்டைக்குள்ளே கோபுரம். தீர்த்தம் கால்வாயில்தான். போன வருஷம் ஈர வேட்டியோடு கரையில் நின்று அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். கால்வாயைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், ஓரமாக நின்ற பொலிஸ்காரரையும் பார்த்துவிட்டார்.

"ஆமியிட்ட பெமிஷன் எடுத்தாச்சோ?"

"ஆமி இல்லை அம்மா, நகரசபையிட்ட எடுத்திருப்பினம்."

"சரி, தலையைத் துவட்டு."